என்.சி.சி.யா, சாரணர் இயக்கமா?

சேலத்தில் ஒரு பள்ளியில் என்.சி.சி. எனும் தேசிய மாணவர் படை, சாரணர் இயக்கம் இரண்டுக்குமே பொறுப்பாசிரியராக இருந்திருக்கிறேன். புதிதாகத் தொடங்கப் போகும் ஆசிரியர்கள் கேட்பதால் எழுதுகிறேன்.

சாரணர் இயக்கம் நடத்த எளிது. கழுத்துத் துண்டு, கயிறு, மூங்கில் கம்பு இருந்தால் ஆரம்பித்துவிடலாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்க்கலாம். ஏற்காடு அடிவாரத்துக்கு ஒருநாள் அழைத்துப் போனால் முடிச்சுப் போடுவதும் அடுப்பு மூட்டுவதும் தானாக வந்துவிடும்.

1948-இல் சட்டம் இயற்றி உருவான என்.சி.சி. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. ராணுவப் பயிற்றுநர்களே வந்து பழக்குவார்கள். ஆனால் எழுத்து வேலை நிறைய: வருகைப் பதிவு, சீருடை இருப்பு, பூட்ஸ் அளவு, சிற்றுண்டிக் கணக்கு. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் 'ஏ' சான்றிதழுக்கு இரண்டு வருடம் ஆகும், நடுவில் பிள்ளைகளை நழுவவிடக் கூடாது. பொறுப்பேற்கும் ஆசிரியரும் வாரக்கணக்கில் வெளியூர் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். வீட்டில் முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்!

அத்தனையும் தெரிந்தே நான் என்.சி.சி. பக்கம்தான். வகுப்பில் வாயே திறக்காத ஒன்பதாம் வகுப்புப் பையன், ஒருநாள் காலை அணிக்கு முன்னால் நின்று, நேராக நிற்கச் சொல்லும் இந்திக் கட்டளையான "சாவ்தான்!" என்றான். குரல் முதலில் உடைந்தது. இரண்டாம் முறை மைதானத்துக் கடைசி வேப்பமரம் வரை கேட்டது.