விளாச்சேரி பொம்மை வீடு: முகத்துக்கு நூறு மார்க், பெயிண்டுக்கு அறுபது

கொலு பொம்மைக்கு மதுரையில் பஞ்சமே இல்லை. புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளைச் சுற்றலாம், மேல வெளி வீதியில் அரசு கைவினைக் கடையான பூம்புகாருக்குப் போகலாம். நவராத்திரி நெருங்கினால் தெருவோரத்திலேயே விரித்து வைத்து விற்பார்கள். ஆனாலும் நான் போவது விளாச்சேரிக்குத்தான். திருப்பரங்குன்றம் போகிற வழியில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்ப வேண்டும். மதுரை அந்த ஊரைக் கிட்டத்தட்ட விழுங்கிவிட்டது. ஆனால் மண் வேலை செய்யும் வேளார் வீடுகளில் இன்னும் வீடுதான் பட்டறை, திண்ணைதான் கடை.

நான் வாங்கும் வீட்டுக்குப் போர்டு கிடையாது. வாசலில் தலையில்லாத பிள்ளையார்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தால் அதுதான். அந்த அம்மா "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க" என்று கூப்பிட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். பின்னாலேயே நின்று "இது வேணுமா, அது வேணுமா" என்று நச்சரிக்க மாட்டார். இதற்கே தனியாக மார்க் போடலாம்.

இந்தத் தடவை வாங்கியது மீனாட்சி திருக்கல்யாண செட், மண் பொம்மை. நடுவில் மீனாட்சி, ஒரு பக்கம் சுவாமி, இன்னொரு பக்கம் தாரை வார்க்கும் பெருமாள். கோயில் கம்பத்தடி மண்டபத் தூணில் பார்க்கிற அதே அமைப்பு. சித்திரையில் தங்கச்சியைக் கட்டிக்கொடுக்க பவளக்கனிவாய்ப் பெருமாள் புறப்படுவது பக்கத்திலிருக்கும் பரங்குன்றத்திலிருந்துதானே, இவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன! கையைக் கொடுக்கும்போது மீனாட்சியின் தலை லேசாகத் தாழ்ந்திருக்கிறது. அந்தத் தாழ்வுக்காகவே விலை பேசாமல் வாங்கினேன்.

வாங்குகிறவர்கள் பொம்மையைத் திருப்பி விலாப்பக்கம் தடவிப் பாருங்கள். முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சில் மண்ணை அழுத்தி எடுத்து ஒட்டுகிறார்கள். ஒட்டு சரியாகத் தேய்க்கப்படாமல் இருந்தால் விரலுக்குத் தெரியும். அடியில் ஓட்டை இருந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே வெற்றுக் கூடு, சூளையில் வேகும்போது காற்று வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். காகிதக்கூழ் பொம்மையும் போடுகிறார்கள். கூழோடு கிழங்கு மாவும் சாக்பவுடரும் சேர்த்துப் பிசைவதால் எடை குறைவு. மேல் படிக்கு அதுதான் வசதி, வெளியூருக்கு அனுப்பவும் அதுவே நல்லது. ஆனால் மூக்கு, உதடு எல்லாம் மண்ணில் வருகிற கூர்மையில் வருவதில்லை. பிளாஸ்டர் பொம்மை பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

பெயிண்டுக்கு வருகிறேன். பளபளப்பு ஜாஸ்தி. பெருமாளின் நீலம் சைக்கிளுக்கு அடித்தது மாதிரி மின்னுகிறது. நகைகளுக்கெல்லாம் ஒரே தங்க பெயிண்டை அப்பி, அச்சில் அழகாக வந்த வேலைப்பாட்டையே மூடிவிடுகிறார்கள். கேட்டால், "பளிச்சுன்னு இருந்தாத்தான்க்கா எடுக்குறாங்க" என்கிறார். முன்கூட்டியே சொன்னால் மங்கலான வர்ணம் அடித்துத் தருகிறார், அதற்குக் கூடுதல் காசும் கேட்பதில்லை. கண் எழுதுவது மட்டும் அவர் மாமியார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பேக்கிங் மோசம். வைக்கோலும் பழைய பேப்பரும்தான், அட்டைப்பெட்டி நம் பொறுப்பு. வீட்டிலிருந்து பழைய சேலை இரண்டு எடுத்துப் போங்கள். சொன்ன தேதிக்கும் கையில் கிடைக்கும் தேதிக்கும் சம்பந்தம் இருக்காது. மழை பிடித்துக்கொண்டால் மண் காயாது, அது அவர்கள் தப்பில்லை. ஆனால் போன் பண்ணிச் சொல்லலாமே. புரட்டாசியில் போய் நின்றால் கழித்துப் போட்டதுதான் மிஞ்சும், ஆடியிலேயே போய்விடுங்கள். நவராத்திரி முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளில் இறங்கிவிடுவார்கள், அப்போது உடைந்த பொம்மைக்கு ஜோடி கேட்டால் முகம் கொடுத்துப் பேச ஆள் இருக்காது.

பொம்மை பார்க்கப் பொறுமையில்லாத வீட்டுக்காரர் கூட வந்தால், அதே ஊரில் பரிதிமாற்கலைஞர் நினைவில்லம் இருக்கிறது, அங்கே அனுப்பிவிடலாம். தமிழை உயர்தனிச் செம்மொழி என்று வாதாடியவர், 1870-ல் பிறந்தது இங்கேதான். என் வீட்டுக்காரர் அங்கே போய்விட்டு வந்து, "இன்னுமா முடியலை?" என்றார்.

அடுத்து அழகர் ஆற்றில் இறங்கும் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். வைத்திருந்த மாதிரியில் அழகருக்குச் சிவப்புப் பட்டு. பச்சைப் பட்டு உடுத்தி இறங்கினால்தான் நாடு செழிக்கும் என்று ஊரே சொல்கிறது, எனக்குப் பச்சைதான் வேண்டும் என்று நோட்டில் எழுத வைத்துவிட்டு வந்தேன்.