சொல்லா, குறியீடா: ஆக்கவுரிமைத் தேடலை எப்படிக் கற்பிப்பது?

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் மாணவர் ஒருவர், முல்லைத்தீவுக் கமக்காரருக்காகக் கச்சான் கோது உடைக்கும் இயந்திரமொன்றை வடிவமைக்க எண்ணுகிறார் என்று கொள்வோம். அத்தகைய இயந்திரத்தை முன்பே எவரேனும் ஆக்கியுள்ளனரா என்று அறிய, பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமை ஆவணங்களை அவர் தேடவேண்டும். அவற்றைச் சொற்களாலும் தேடலாம், ஒவ்வோர் ஆவணத்துக்கும் அதன் பொருளுக்கேற்ப இடப்படும் வகைப்படுத்தற் குறியீட்டாலும் தேடலாம்.

சொல்வழித் தேடலை எவரும் உடனே தொடங்கலாம். ஆயினும் கச்சானை ஒருவர் ‘பீனட்’ என்றும் இன்னொருவர் ‘கிரவுண்ட்நட்’ என்றும், இயந்திரத்தை ‘ஷெல்லர்’, ‘ஹல்லர்’, ‘டிகார்டிகேட்டர்’ என்றும் எழுதியிருப்பதால், ஒரே சொல்லை நம்பித் தேடியவர் நெருங்கிய முன்னாக்கங்களைத் தவறவிடுவார். உரிமைக் கோரிக்கையை அகலப்படுத்த விரும்புவோர் வேண்டுமென்றே பொதுச்சொற்களைக் கையாள்வது இச்சிக்கலை மேலும் கூட்டுகிறது.

குறியீடு மொழியைச் சாராதது. ஐரோப்பிய, அமெரிக்க ஆக்கவுரிமை அலுவலகங்கள் 2013 முதல் கையாளும் கூட்டு வகைப்படுத்தலில் ஏ23என் 5/00 கொட்டைகளின் கோது நீக்கும் இயந்திரங்களையும், அதற்குக் கீழுள்ள 5/01 கச்சானுக்குரியவற்றையும் குறிப்பதால், மாணவர் அறியாத மொழியில் எழுதப்பட்ட ஆவணமும் அங்கே அகப்படும். ஆனால் காற்றால் கோதைப் பிரிக்கும் பகுதி பி07பி என்ற வேறு பிரிவில் இருக்கலாம். சரியான குறியீட்டைத் தொடக்கத்திலேயே கண்டடைவதும் கடினம்.

ஆகவே சொல்லில் தொடங்கவே நான் கற்பிப்பேன். ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் கட்டணமில்லாத இணையத் தேடுதளமான எஸ்பாசெனெட்டில் பொருத்தமான ஐந்தாறு ஆவணங்களைக் கண்டபின், அவற்றின் முதற்பக்கத்திலுள்ள குறியீட்டைக் குறித்துக்கொண்டு மாணவர் மீண்டும் தேடவேண்டும். பாடநேரத்தின் பெரும்பகுதியை இந்த இரண்டாம் தேடலுக்கே ஒதுக்குவேன்.