பாறையில் அடிபட்ட புரொப்பல்லர்: சரிசெய்யலாமா, மாற்றலாமா?

கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் இறங்கிய மாதங்களில் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் ஓட்டுபவர்களுக்கு இந்தக் கேள்வி தப்பாமல் வரும். மணலில் தட்டினால் பிளேடின் விளிம்பு தேயும். நம் ஊர்க் கருங்கல்லில் தட்டினால் துண்டே பெயர்ந்துவிடும். 8 முதல் 15 குதிரைத்திறன் மோட்டார்களில் வரும் மூன்று பிளேடு அலுமினியப் புரொப்பல்லரைப் பற்றித்தான் இங்கே சொல்வது.

அடிபட்டதும் பிளேடைப் பார்த்தே முடிவெடுப்பதுதான் பெரிய தவறு. ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி, கியரை நியூட்ரலில் போட்டு, புரொப்பல்லரை உருவிவிடுங்கள். அதன் பின்னால் இருக்கும் தடிமனான வாஷரையும் எடுங்கள். அங்கே தங்கூசி வலை நூல் சுற்றியிருந்தால், கியருக்குள் தண்ணீர் புகாமல் காக்கும் ஆயில் சீலை அறுத்திருக்கலாம். கியர் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது, முதல் செலவு சீலுக்கு. அடுத்து புரொப்பல்லர் மாட்டும் ஷாப்ட்: நுனிக்கு நேராக ஒரு கம்பியை நகராமல் நிறுத்திவைத்து, ஷாப்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ஷாப்ட் வளைந்திருக்கிறது. அந்த ஷாப்டில் புதுப் புரொப்பல்லர் மாட்டினாலும் அதிரும்.

இவை இரண்டும் சரியாக இருந்தால்தான் பிளேடுக்கு வர வேண்டும். ஐந்து மில்லிமீட்டருக்குள் இருக்கும் விளிம்புப் பள்ளங்களை அரைவட்ட அரத்தால் சீவி வளைவைச் சீராக்கினால் போதும். நுனியில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்திருந்தால் ஆர்கான் வெல்டிங்கில் நிரப்பலாம். பிளேடு நடுக்குடத்தோடு சேரும் அடியில் விரிசல் மயிரிழை அளவு தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள். முழு வேகத்தில் அந்த இடம்தான் மொத்த பாரத்தையும் தாங்குகிறது. வளைந்த நுனியைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தவே கூடாது. வார்ப்பு அலுமினியத்தைச் சூடாக்காமல் தட்டினால் விரிசல் விடும். சூடாக்கினாலோ இரும்பைப் போலச் சிவந்து காட்டாது, திடீரென உருகி விழும்.

ஓசூரில் அலாய் வீல், இன்ஜின் கவர் வெல்டு செய்யும் பட்டறைகளில் நிரப்பு வேலை நன்றாகவே வரும். ஆனால் பிளேடின் திருக்கு அளவு அவர்களுக்குத் தெரியாது. அடிபடாத பிளேடை அட்டையில் வரைந்து வெட்டி எடுத்துப் போங்கள். கொஞ்சம் கூடுதலாகவே நிரப்பச் சொல்லி, மீதியை நீங்கள் அரத்தால் இறக்குங்கள். நடுவிலுள்ள ரப்பர் புஷ் வெப்பத்தில் கெட்டுவிடும். குடத்தில் ஈரத்துணி சுற்றினால் நுனியில் செய்யும் வெல்டிங்கைத் தாங்கும், அடிப்பகுதியில் செய்தால் தாங்காது. வேலை முடிந்ததும் வழவழப்பான கம்பியில் கோத்துச் சுற்றிப் பாருங்கள். ஒரே பிளேடு எப்போதும் கீழே வந்து நின்றால் அதன் நுனிப்பக்கத்தை இன்னும் சீவ வேண்டும்.

மெதுவாகப் போகும்போது ஒழுங்காகத் தள்ளி, முறுக்கினால் இன்ஜின் மட்டும் அலறினால் ரப்பர் புஷ் நழுவுகிறதா என்று பாருங்கள். உள்குழாயையும் வெளிக்குடத்தையும் சேர்த்து ஒரே கோடாகப் பெயின்ட் அடித்து ஓட்டுங்கள். கோடு விலகினால் உறுதி. அதற்கு வெல்டிங் உதவாது.

கூலியும் ஓசூர் போய்வரும் செலவும் புதியதின் விலையில் பாதியைத் தொட்டால் புதியதே வாங்குங்கள், சரிசெய்ததைப் படகில் மாற்றாக வையுங்கள். ஒருமுறை வெல்டிங் கண்டது மறுபடி அதே இடத்தில் உடைந்தால் மீண்டும் செலவழிக்க வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கினால் உடையாதே என்பார்கள். இந்த அணைக்கு அது வேண்டாம்: பாறையில் அலுமினியம் உடைந்து கியரைக் காக்கிறது, ஸ்டீல் விட்டுக்கொடுக்காமல் அடியை உள்ளே அனுப்புகிறது.

மாட்டும்போது ஷாப்டின் பற்களில் கிரீஸ் தடவுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை உருவ முடியாது. நட்டு கழலாமல் பூட்டும் பழைய காட்டர் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள். ஒரு மணிநேரம் ஓட்டியபின் நட்டை மறுபடி பாருங்கள். முழு வேகத்தில் இன்ஜின் சுற்று முன்னைவிட ஏறியிருந்தால் பிளேடின் திருக்கு குறைந்துவிட்டது அல்லது உலோகத்தை அதிகமாகச் சீவிவிட்டீர்கள். பிட்ச், அதாவது ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னேற வேண்டிய தூரம், ஓர் அங்குலம் குறைந்தால் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று ஏறும்.