திருகோணமலையில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் கவனத்துக்கு

கொழும்பிலோ கனடாவிலோ இருந்துகொண்டு, "சும்மாதானே கிடக்குது, ஆராவது தங்கட்டும்" என்று திருகோணமலை வீட்டின் திறப்பை ஒருவரிடம் கொடுத்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் எங்களை ஏமாற்றிய ஆளின் பெயரைப் போடவில்லை.

வீடு அலஸ்தோட்டத்தில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரம். அம்மாவின் சீதன வீடு. பிள்ளைகளின் படிப்புக்காக நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்த பிறகு அது பூட்டித்தான் கிடந்தது. கடலோரத்தில் பூட்டிக் கிடக்கிற வீடு என்ன பாடுபடும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். உப்புக் காற்றில் யன்னல் கம்பி பொரிந்து உதிரும், கார்த்திகை மார்கழி மழையில் சுவர் ஊறும், கதவு நிலையில் கறையான் ஏறும். ஆள் புழங்கினால்தான் வீடு நிற்கும். அந்த நேரத்தில்தான் சொந்தக்காரர் ஒருவர் மூலமாக இவர் வந்தார். உப்புவெளிப் பக்கம் பல வீடுகளை இப்படிப் பார்ப்பதாகச் சொன்னார். மே தொடங்கி செப்டம்பர் வரை சீசனுக்கு விருந்தினரை விடுவது, துப்புரவு, தோட்டம் எல்லாம் அவர் பொறுப்பு, வருமானத்தில் பாதி எங்களுக்கு, மழைக்காலத்தில் வீட்டைத் திறந்து காற்றுப்பட விடுவது, நாங்கள் வருகிற நாளில் வீடு எங்களுக்கு. அடையாள அட்டைப் பிரதி வாங்கினோம், பேசியதையும் எழுதி ஒப்பம் வாங்கினோம். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வீட்டைப் பதிய வேண்டும் என்று நான் கேட்டபோது, "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, அதெல்லாம் நான் செய்து தாறன்" என்றார். அந்தப் பதிவு கடைசிவரை நடக்கவே இல்லை.

முதல் சீசனில் காசு ஒழுங்காக வந்தது. அடுத்த சீசனில் "ஆக்கள் குறைவு அக்கா, எல்லாரும் நிலாவெளிக்குப் போயினம்" என்ற கதை தொடங்கியது. சரி, இருக்கலாம் என்றுதான் நினைத்தோம். ஆனால் கரண்ட் பில் வேறு கதை சொன்னது. மின்சார சபைக் கணக்கு அம்மாவின் பெயரில் இருப்பதால் என்னுடைய போனிலேயே பார்க்கலாம். ஆட்கள் இல்லை என்று அவர் சொன்ன மாதங்களில்தான் அலகு ஏறி ஏறி, 180ஐத் தாண்டிப் போயிருந்தது. கேட்டால் "கிணத்து மோட்டர் பழசு, கரண்டை இழுக்குது" என்று பதில். ஆள் இல்லாத வீட்டில் மோட்டர் யாருக்காகத் தண்ணீர் இறைத்தது?

அப்புறம் முன்வீட்டு அக்கா கோல் எடுத்து, "பிள்ளை, வீட்டை வித்துப்போட்டியளோ? ஒரு குடும்பம் சாமானோடை வந்து இறங்கி இருக்குது" என்று கேட்டார். அன்று இரவே என் கணவரும் நானும் பஸ் ஏறினோம்.

போய்ப் பார்த்தபோது வெளிக் கேற்றில் புதுப் பூட்டு. எங்கள் திறப்பு அதற்குள் நுழையவே இல்லை. உள்ளே இருந்து வந்த பெண்ணுக்கு நாங்கள் யார் என்று தெரியவில்லை, பாவம், பயந்துவிட்டார். கணவருக்கு வேலை மாற்றமாகி வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். ஒரு வருட வாடகையை மொத்தமாக முற்பணமாகக் கொடுத்து, இந்த ஆளிடமே வீட்டை எடுத்திருக்கிறார்கள். அவர் கொடுத்த கடதாசியையும் காட்டினார்கள். முத்திரை ஒட்டி, அதன் மேல் ஒப்பம் வைத்து, "வீட்டு உரிமையாளர்" என்று எழுதி, கீழே அவருடைய பெயர். என் அம்மாவின் சீதன வீட்டுக்கு அவர் உரிமையாளராம். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

உள்ளே இன்னும் மோசம். மூன்று அறை வீட்டின் விறாந்தையைப் பலகை அடித்து மறைத்து இன்னும் இரண்டு அறை ஆக்கியிருந்தார். குசினிப் பக்கம் மெத்தைகள் அடுக்கிக் கிடந்தன, எல்லாம் சீசனில் விருந்தினருக்குப் போட்டவை. அம்மாவின் அலுமாரியைப் பூட்டி, திறப்பைக் கையோடு கொண்டு வந்திருந்தோம். பூட்டு உடைபட்டு, குத்துவிளக்கும் பித்தளைச் சாமான்களும் போய்விட்டன. வீட்டின் படங்கள் வேறொரு பெயரில் இரண்டு தங்குமிடத் தளங்களில் ஓடிக்கொண்டிருந்தன. நான் வைத்த செவ்வரத்தையும் அம்மாவின் சாய்மனைக் கதிரையும் அந்தப் படத்தில் அப்படியே தெரிந்தன. ஆட்கள் வரவில்லை என்று அவர் சொன்ன மாதங்களில் தங்கிப் போனவர்கள் எழுதிய கருத்துகளும் கீழே தேதியோடு இருந்தன.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம், அந்தக் குடும்பமும் தனியாகக் கொடுத்தது. அவர்களும் எங்களைப் போலவே ஏமாந்தவர்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சட்டத்தரணி அந்தக் கடதாசியைப் பார்த்த உடனேயே, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு எழுதியிருக்க வேண்டும், 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் அதுதான், இது செல்லாது என்றார். அவர் சொன்ன இன்னும் இரண்டு விசயத்தை ஊருக்கு வெளியே இருக்கிற எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உங்களைப் பலவந்தமாக வெளியேற்றிவிட்டு ஒருவர் உள்ளே இருந்தால், ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்கு எடுத்து வீட்டைத் திருப்பிக் கேட்கலாம், ஆனால் வெளியேற்றி இரண்டு மாதத்துக்குள் விசயம் நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து அடுத்த விடுமுறைக்கு வந்து பார்ப்போம் என்று விட்டால் அந்தக் காலம் போய்விடும், பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் இழுபட வேண்டியதுதான். மற்றது, பத்து வருடம் தடையில்லாமல் உரிமையாளர் போல இருந்துவிட்டால் ஆட்சி உரிமை கேட்டு வழக்குப் போடுவார்கள். உங்கள் அனுமதியோடு இருந்தவருக்கு அது கிடைக்காது, ஆனால் அனுமதியோடுதான் இருந்தார் என்று காட்டக் கையில் எழுத்து வேண்டும். எங்களைக் காப்பாற்றியது அந்த ஒப்பம் வைத்த கடதாசியும், அவர் வட்ஸ்அப்பில் "உங்கடை வீடு அக்கா" என்று அனுப்பிய குரல் பதிவுகளும்தான்.

அந்தக் குடும்பம் வேறு வீடு பார்த்துப் போய்விட்டது. அவர்களுடைய முற்பணமும் எங்களுடைய பங்கும் இன்னும் வரவில்லை. ஆள் போனை எடுப்பதே இல்லை.

ஆனால் தொழிலை விடவில்லை. போன கிழமையும் உப்புவெளியில் "கடலோர வீடு, வருட வாடகைக்கு" என்று அதே நடையில், அதே மாதிரி மொத்த முற்பணம் கேட்டு ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. வாடகைக்கு எடுப்பவர்கள் காணி உறுதியின் பிரதியையும் கரண்ட் பில்லில் உள்ள பெயரையும் பார்க்காமல், கிராம சேவகரிடம் வீடு யாருடையது என்று கேட்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அலஸ்தோட்டம், உப்புவெளி, சாம்பல்தீவுப் பக்கம் வீடு கொடுத்திருப்பவர்கள் இன்றைக்கே உங்கள் கரண்ட் அலகைப் பாருங்கள், தங்குமிடத் தளங்களில் உங்கள் வீட்டுப் படம் இருக்கிறதா என்று தேடுங்கள், பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களுக்கும் இதே ஆள்தானோ என்று சந்தேகம் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைத் தருகிறேன், இரண்டு மூன்று பேராகப் போனால் வழக்கு வலுக்கும் என்று சட்டத்தரணியும் சொல்கிறார்.