வாய்திறந்து பேசும் நேரலையா, எழுதிப் போடும் உரையாடலா?

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபின் காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு விதமாகவும் இணையவழிப் பாடம் எடுத்துப் பார்த்தேன்.

நேரலையில் டவுனுப் பிள்ளைகள்தான் பேசினார்கள். தனி அறை, தனி போன், கொஞ்சம் ஆங்கிலம். கல்லல் பக்கத்துக் கிராமத்துப் பையனுக்கோ வீட்டில் இருப்பது ஒரே போன். அப்பா வேலைக்குப் போகும்போது அதுவும் கூடவே போய்விடும். சாயங்காலம் கையில் கிடைத்தாலும், வீடியோ ஓடினால் அன்றைய ஒன்றரை ஜிபி டேட்டா கரைந்துவிடும். கேமராவைப் போடச் சொன்னால் இன்னும் மோசம். பின்னால் தெரியும் ஓலைத் தடுப்பை நாலு பேர் பார்ப்பார்களே என்று ஒரு பெண் இணைப்பையே துண்டித்தாள். (கேமராவைக் கட்டாயமாக்கியது என் தப்புதான்.)

எழுத்தில் நிலைமை மாறியது. கேள்வியைக் காலையில் போட்டால், ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பையனின் பதில் வரும், சில நாள் எல்லாரையும்விட நன்றாக. ஆனால் தமிழில் தட்டச்சு வராதவர்கள் 'ஓகே சார்' என்பதோடு நின்றார்கள். சட்டென்று வாதம் சூடுபிடிக்கும் ருசியும் இதில் இல்லை.

எனக்கு எழுத்துதான். தட்டத் தெரியாதவர்கள் குரல்பதிவு அனுப்பட்டும்.