ஆங்கிலம்–ஸ்லோவாக் சுற்றுலா மொழிபெயர்ப்பாளர்: சில வருடப் பயன்பாட்டில் தெரிந்தது

வியன்னாவில் ஒரு பயண நிறுவனத்தில் இணையதளம், விளம்பர வாசகம் இதையெல்லாம் கவனிக்கிறேன். ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவா இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான், ஆல்ப்ஸ் பனிச்சறுக்குக்கு அங்கிருந்து நிறையப் பேர் வருகிறார்கள், அதனால் எங்கள் ஆங்கிலப் பக்கங்கள், வவுச்சர், ரத்து விதிகள் எல்லாமே ஸ்லோவாக்கிலும் வேண்டும். சில வருடங்களாக ஒரே மொழிபெயர்ப்பாளரிடம்தான் கொடுக்கிறோம், ரொம்பத் திருப்தி.

அவருக்கு முன் ஒரு ஏஜென்சி. வேகம், விலை இரண்டும் சரி, ஆனால் யார் எழுதுகிறார் என்று கடைசி வரை சொல்லவே இல்லை, நடை மாதத்துக்கு மாதம் மாறும். ஒரு தடவை வந்த வேலையில் பக்கத்து மொழியான செக் வாடை அடிக்கிறது என்று வாடிக்கையாளர் ஒருவரே எழுதிவிட்டார். இரு மொழிக்காரர்களுக்கும் மற்றவர் பேச்சு புரியும்தான், ஆனால் காசு கொடுத்து விடுமுறை வாங்குகிறவருக்கு அது உறுத்தும்.

அப்புறம் மொழிபெயர்ப்பாளர்களைத் தேடிப் பிடிக்கும் இணையதளமான ப்ரோஸில் (ProZ) நானே தேடினேன். மொழி ஜோடி, தாய்மொழி, துறை என்று வடிகட்டலாம். அப்படியும் பட்டியல் நீளும், ஏனென்றால் சுற்றுலா என்பதில் டிக் போட யாரும் யோசிப்பதில்லை. உண்மையில் கைகொடுத்தது அங்குள்ள கூடோஸ் பகுதிதான். மொழிபெயர்ப்பாளர்கள் கலைச்சொல் சந்தேகங்களை ஒருவரையொருவர் கேட்கும் இடம் அது. ஹோட்டல், பனிச்சறுக்கு கேள்விகளுக்குக் காரணத்தோடு பதில் எழுதியவர்களைக் குறித்துக்கொண்டு, சிலரிடம் காசு கொடுத்தே சின்ன மாதிரி வாங்கினேன். இலவசமாகக் கேட்காதீர்கள், நல்லவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

இப்போது எங்களோடு இருப்பவர் மாதிரியை அனுப்பும் முன்பே கேள்விகள் அனுப்பினார். முன்பதிவுப் பக்கத்தில் இரவுகளுக்கு ஒருமை, பன்மை என்று இரண்டே வடிவம் வைத்திருந்தோம். ஸ்லோவாக்கில் 1 இரவு என்றால் நொட்ஸ், 2 முதல் 4 வரை நொட்சி, 5லிருந்து நொட்சீ, இதற்கு டெவலப்பர் இடம் விட்டாக வேண்டும் என்றார். பேக்கேஜ் பயணத்துக்கான கட்டாயத் தகவல் படிவத்தைத் தன் சொற்களில் மொழிபெயர்க்கவும் இல்லை. 2015/2302 ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் ஸ்லோவாக் பதிப்பிலேயே அந்த வாசகம் இருக்கிறது என்று அதை அப்படியே எடுத்து வைத்தார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

போகப் போக இன்னும் பலன். ஸ்லோவாக்கியாவில் வசந்தகாலப் பள்ளி விடுமுறை எல்லா ஊருக்கும் ஒரே வாரத்தில் வராது, பிராட்டிஸ்லாவா பக்கம் ஒரு வாரம், கிழக்கே கொஷித்ஸே பக்கம் வேறு வாரம், அதைப் பார்த்துச் சலுகைக் கடிதங்களைப் பிரித்து அனுப்பச் சொன்னது அவர்தான்.

விலை ஏஜென்சியைவிட அதிகம். ஸ்லோவாக்கியாவில் பலர் சொல் கணக்கில் அல்ல, இடைவெளியும் சேர்த்து 1800 எழுத்துகள் கொண்ட பக்கக் கணக்கில் விலை சொல்வார்கள், ஒப்பிடும்போது கவனியுங்கள். அந்தப் பக்கத்தை மூல வாசகத்தில் எண்ணுகிறார்களா, மொழிபெயர்த்து முடித்த வாசகத்தில் எண்ணுகிறார்களா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தனி ஆள் என்பதால் கோடையில் எங்கள் மொழிபெயர்ப்பாளர் விடுப்பில் போனால் முன்பெல்லாம் வேலை நின்றுவிடும். இப்போது அவரே பரிந்துரைத்த இன்னொருவர் சரிபார்ப்பவராக இருக்கிறார், விடுப்பு நாட்களில் இந்த இரண்டாமவரே மொழிபெயர்க்கிறார். இருவரும் ஒரே சொற்பட்டியலை வைத்துக்கொள்வதால் நடை மாறுவதில்லை.