விலைச்சீட்டை உரித்துப் பார்த்து வாங்குங்கள்

கல்லடிக் கடற்கரையில் நின்று தூண்டில் வீசிப் பழகலாம் என்று ஏப்ரலில் எனக்கு ஆசை வந்தது. வாடைக்காற்று ஓய்ந்து கடலும் அடங்கியிருந்தது. மட்டக்களப்பு நகரில் ஒரு கடைக்குப் போனேன், பெயர் வேண்டாம். கரையில் நின்று கடலுக்குள் வீச வேண்டும் என்று தெளிவாகத்தான் கேட்டேன். இப்போதுதான் தொடங்குகிறேன் என்றும் சொன்னேன். அந்த இரண்டாவதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

தடி, ரீல், தங்கூசி என்கிற நைலோன் நூல், நாலு அவுன்ஸ் ஈயக்குண்டு, ஒரு பெட்டி முள். எல்லாம் சேர்த்து 21,500 ரூபாய். "பாரை இழுக்கிற தடி தம்பி, கண்ணை மூடிக்கொண்டு கொண்டு போங்க" என்றார் கடைக்கார அண்ணன். அப்படியே கண்ணை மூடிக்கொண்டுதான் கொண்டுபோனேன்.

முதல் நாள் மூன்றாவது வீச்சில் தங்கூசி அறுந்தது. நாலு அவுன்ஸ் என்றால் ஏறத்தாழ 113 கிராம் ஈயம். அது அறுந்து பறந்தால் துவக்குக் குண்டு மாதிரித்தான். கொஞ்சம் தள்ளிப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நல்ல காலம், கடலுக்குள் போய் விழுந்தது. சுருளில் 0.28 மில்லிமீட்டர், 50 இறாத்தல் என்று அச்சடித்திருந்தது. அந்தத் தடிப்புள்ள சாதாரண நைலோன் பத்துப் பன்னிரண்டு இறாத்தலுக்கு மேல் தாங்குவது கஷ்டம். ஓர் அவுன்ஸ் ஈயத்துக்குப் பத்து இறாத்தல் என்பது கரையில் வீசுகிறவர்களின் கணக்கு. நாலு அவுன்ஸுக்கு நுனியில் சில பாக நீளத்துக்காவது 40 இறாத்தல் தங்கூசி முடிந்திருக்க வேண்டும். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை.

வேறு தங்கூசி வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாள் தடியே முறிந்தது. வீட்டில் வைத்துப் பார்க்கும்போதுதான் பிடிக்கு மேலே ஒட்டியிருந்த விலைச்சீட்டின் ஓரம் கிளம்பியிருந்தது தெரிந்தது. உரித்தேன். அடியில் "10–30 கி" என்று இருந்தது. அதாவது அது வீசத் தாங்குவது பத்து முதல் முப்பது கிராம் ஈயம்தான். குளத்திலும் வாவியிலும் சின்ன மீனுக்கு வீசுகிற ஏழடித் தடி! கடற்கரைக்குப் பத்தடிக்கு மேல் வேண்டும், நூறு கிராமுக்குக் குறையாமல் தாங்கவும் வேண்டும். சீட்டு தற்செயலாக அந்த இடத்தில் ஒட்டப்பட்டது என்று நீங்கள் நம்பினால் நம்புங்கள்.

ரீல் கதை இன்னும் நல்லது. ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவித்தான் வைத்தேன். இரண்டு கிழமையில் இறுகிவிட்டது. மேலே 12+1 பெயாரிங் என்று போட்டிருந்தது. சைக்கிள் கடைத் தம்பி கழற்றிப் பார்த்தார். மூன்றுதான் இருந்தது, மூன்றும் கறள்.

திரும்பக் கொண்டுபோனேன்.

"உப்புத்தண்ணி பட்டிருக்கு. அதுக்கு வாரண்டி இல்ல தம்பி."

"கடலுக்கென்றுதானே அண்ணன் வாங்கினேன்?"

"கடலுக்குத்தான். தண்ணி படாமப் பாவிச்சிருக்கணும்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் என் பில்லில் "சாமான் – 21,500" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. தடியின் நீளம், அது தாங்கும் கிராம், ரீலின் மாதிரி இலக்கம் எல்லாவற்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கரைவலை இழுக்கிற மாமா ஒருவர் என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "முதல்ல கையால பழகு மனே, மறுகா தடிய வாங்கலாம்" என்று போத்தலில் சுற்றிய தங்கூசியும் ஓர் இறால் துண்டும் தந்தார். முகத்துவாரத்துப் பக்கம் ஒரு கெளிறு பட்டது. அதன் முள் குத்தினால் விஷக் கடுப்பு என்று அவரே கழற்றியும் தந்தார். செலவு எதுவும் இல்லை.

நேற்று அந்தக் கடையைத் தாண்டி வந்தேன். கண்ணாடிக்குள் அதே தடி, அதே இடத்தில் விலைச்சீட்டு. விலை மட்டும் ஐந்நூறு ரூபாய் கூடியிருந்தது.